ஏப்ரல் 1-க்குப் புதுக் கணக்கு மென்பொருள்: பழைய டேட்டாவை என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் மோட்டார் உதிரிபாக மொத்த வியாபாரம். பார்ட்னர்ஷிப் நிறுவனம், வருடத்துக்கு ஏழு கோடி விற்பனை, அலுவலகத்தில் ஆறு பேர். 2004-ல் உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் இன்றுவரை பில் போடுகிறார்கள். ஜிஎஸ்டிக்குத் தனியாக எக்செல். அரசிடம் பதிய வேண்டிய மின்-பில்லான இ-இன்வாய்ஸை அரசுப் போர்ட்டலில் உட்கார்ந்து கையால் அடிக்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புது மென்பொருளுக்குப் போக முடிவு. இருபது வருட டேட்டா முழுவதையும் ஏற்றலாமா, மூன்று மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டலாமா, "வேண்டவே வேண்டாம்" என்று நிற்கும் கணக்காளர் அண்ணனை எப்படிச் சமாளிப்பது என்று மூன்று கேள்விகள்.

மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அவரிடம்தான் இருக்கிறது.

நான் இருபத்து மூன்று வருடமாகக் கணக்கு வேலையில் இருக்கிறேன். பதினொரு அலுவலகங்கள் கணக்கை மாற்றியபோது கூடவே உட்கார்ந்திருக்கிறேன். மதுரையில் உங்களைப் போலவே ஒரு உதிரிபாகக் கடை. அங்கேயும் ஒரு அண்ணன், அங்கேயும் "வேண்டாம்". முதல் நாள் அவர் மேசைக்குப் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் தினசரிக் காலண்டர் தாள் ஒன்று, அதன் முதுகில் நீல மையில் பதினான்கு வரி. "தேனி பார்ட்டிக்கு லாரி வாடகை நம்முடையது." "இவருக்குப் பில்லில் கழிவு கிடையாது, மாதக் கடைசியில் இரண்டு சதவீதம் கிரெடிட் நோட்." (பாக்கியில் குறைத்து வரவு வைக்கும் சீட்டு அது.) "இவர் செக் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் போடக் கூடாது." "கிளட்ச் பிளேட் ரிட்டர்ன் வந்தால் கம்பெனி க்ளெயிம் வரும்வரை வரவு வைக்கக் கூடாது." இதில் ஒரு வரிகூடப் பழைய புரோகிராமில் இல்லை. மென்பொருள் விற்க வந்தவருக்கும் தெரியாது, முதலாளிக்குப் பாதிதான் தெரியும். அந்தக் கடை அத்தனை வருடம் சரியாக ஓடியது புரோகிராமால் அல்ல, அந்தத் தாளால்.

அவருடைய "வேண்டாம்" பிடிவாதம் இல்லை. தன் தலையில் இருப்பதைக் கேட்காமலே மாற்றப் போகிறார்கள் என்ற பயம் அது. ஏப்ரலில் ஏதாவது இடித்தால் பதில் சொல்லப் போவது தான்தான் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே சமாளிக்கிற வேலையை விடுங்கள். இந்த மாற்றத்துக்குப் பொறுப்பாளராக அவரையே போடுங்கள். மென்பொருள் விற்பவர் வந்தால் முதல் நாற்காலி அவருக்கு. ஒரு நோட்டை வாங்கிக் கொடுத்து, இரண்டு வாரம் வேலைக்கு நடுவில் "இது வழக்கத்துக்கு மாறானது" என்று படுவதையெல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டை வைத்துத்தான் புது மென்பொருளைச் சோதிக்க வேண்டும். டெமோவில் அவர்கள் காட்டும் மாதிரிப் பில் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது: ஒரே செக்கில் ஏழு பில்லுக்குப் பணம் வருகிறது, அதில் ஒரு பில்லுக்குப் பாதிதான், இன்னொன்றில் ரிட்டர்ன் கழித்திருக்கிறார்கள், கடைசியில் எட்டு ரூபாய் குறைகிறது. இதை என் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள். போட்டுக் காட்ட முடியாததை வாங்காதீர்கள். டேலி, பிஸி (Busy), ஸோஹோ என்ற கணக்கு மென்பொருள்களில் எது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் அளவுக்கு மூன்றிலும் வேலை நடக்கும். கணக்கு கெடுவது பெரும்பாலும் பெட்டிக்குள் என்ன போட்டோம் என்பதில்தான்.

மாறத்தான் வேண்டுமா என்று அண்ணன் கேட்டால் ஒரே காரணம் போதும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் பதிப்பு இருந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதாவது இன்று பில் போடும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றால், கடையில் புதிதாக வாங்கி வந்து அதே புரோகிராமை ஏற்றிக்கொள்ள முடியாது. அந்த நாள் தீபாவளிக்கு முந்தின வாரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

இனி பழைய டேட்டா. இருபது வருடத்தையும் ஏற்றாதீர்கள். கடந்த இரண்டு வருடத்தைக்கூட ஏற்றாதீர்கள். மார்ச் 31 அன்று உயிரோடு இருப்பது எதுவோ அது மட்டும் புது வீட்டுக்கு வரட்டும். வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி, பேங்க், ரொக்கம், சரக்கு, வரி, கடன், பார்ட்னர்களின் முதலீடு. முடிந்துபோன பில்களைச் சுமந்து வந்தால் அவற்றோடு பழைய தப்புகளும் சேர்ந்து வரும், அவற்றைத் தேடித் திருத்துவதிலேயே முதல் ஆறு மாதம் போய்விடும்.

ஆனால் உயிரோடு இருப்பதைக் கொண்டு வரும்போது மொத்தத் தொகையாகக் கொண்டு வராதீர்கள். இந்தப் பதில் முழுவதிலும் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: ஓப்பனிங் பேலன்ஸ், அதாவது புதுக் கணக்கில் முதலில் ஏற்றும் பாக்கி, பில் வாரியாக ஏற வேண்டும். பில் எண், பில் தேதி, பாக்கித் தொகை மூன்றும்.

நான் முதன்முதலில் செய்த மாற்றத்தில் இதைச் செய்யவில்லை. முந்நூற்று நாற்பது பார்ட்டிக்கும் லெட்ஜர் பாக்கியை ஒரே தொகையாக ஏற்றினேன். எல்லா லெட்ஜர் பாக்கிகளின் பட்டியலான டிரயல் பேலன்ஸ் பைசா சுத்தமாக நின்றது, ஆடிட்டரும் சரி என்றார். ஏப்ரல் முதல் வாரம் வசூலுக்குப் போன பையன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். அவன் கையில் இருந்த பாக்கிப் பட்டியலில் ஒவ்வொரு கடைக்கும் ஒரே ஒரு வரி: "ஓப்பனிங், 2,12,000". எந்தப் பில்லுக்கு என்று கடைக்காரர் கேட்டால் சொல்ல வழியில்லை. பில் நம்பர் கொண்டு வா, தருகிறேன் என்று அனுப்பிவிட்டார்கள். அதைவிடப் பெரிய கேடு இன்னொன்று. தேதி இல்லாததால் ஒரு வருடப் பழைய பாக்கியும் ஏப்ரல் 1-ல் பிறந்த பாக்கி ஆகிவிட்டது. அறுபது நாளுக்கு மேல் பாக்கி இருந்தால் பில் போடாதே என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தோம். அது எல்லாரையும் நல்லவர்களாக எண்ணிச் சரக்கைத் திறந்துவிட்டது. அந்த ஏப்ரலில் போன சரக்கில் ஒரு பகுதிக்கு இன்றுவரை பணம் வரவில்லை. அந்த முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதனாலேயே அது இன்னும் மனதில் நிற்கிறது.

வாங்கின பக்கத்திலும் இதே கதைதான். சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்கிய சரக்குக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டி நிற்கும் தொகையைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க விடுகிறார்கள். பில் தேதி இல்லாத ஓப்பனிங் பேலன்ஸை வைத்துக்கொண்டு இதைக் கணக்கிடவே முடியாது. பதிவு செய்த குறுந்தொழில், சிறுதொழில் சப்ளையர் யார் யார் என்று லெட்ஜரைத் திறக்கும்போதே குறித்துவிடுங்கள்.

பில் வாரியாக எடுக்க உட்காரும்போதுதான் பழைய கணக்கின் உண்மை நிலை தெரியும். பழைய புரோகிராமில் வரவு வைத்த பணம் பாதிக்குப் பாதி "ஆன் அக்கவுண்ட்" என்று எந்தப் பில்லோடும் சேராமல் கிடக்கும். அதனால்தான் இந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்கச் சொல்கிறேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும் டிசம்பர் 31 வரையிலான லெட்ஜரை அனுப்பி, அவர்கள் புத்தகத்தில் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும். பெரிய பாக்கிகளை முதலில் எடுங்கள்.

மதுரைக் கடையில் ஒரு பார்ட்டியைச் சரி செய்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. நம் புத்தகத்தில் அவர் பாக்கி 1,84,350. அவர் அனுப்பின லெட்ஜரில் 1,61,200. வித்தியாசம் 23,150. அண்ணனும் நானும் சாயங்காலம் கடை அடைத்த பிறகு உட்கார்ந்தோம். முதலில் 15,000 ரூபாய் செக் ஒன்று கிடைத்தது. திண்டுக்கல்லில் அதே பெயரில் இன்னொரு கடை, வரவு அங்கே ஏறியிருந்தது. பழைய புரோகிராமில் பார்ட்டி பெயருக்கு முப்பது எழுத்துதான் இடம். ஊர்ப் பெயர் வெட்டுப்பட்டு, இரண்டு கடையும் திரையில் ஒன்றுபோலவே தெரிந்தன. மீதி 8,150. சுவரில் ஆணியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் பென்சிலில் எழுதின ரிட்டர்ன் சீட்டு, 7,420 ரூபாய்க்கு வீல் பேரிங். சரக்கு குடோனுக்கு வந்துவிட்டது, கிரெடிட் நோட் போடவில்லை. கடைசியாக 730 ரூபாய். மூன்று பில்லில் அவர்கள் பிடித்த கழிவு. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதை மார்ச்சுக்குள் முடிச்சிருவோம் தம்பி" என்றார். அன்றோடு "வேண்டாம்" நின்றது.

இப்படி முந்நூறு பார்ட்டியையும் பார்க்க நேரம் இருக்காது. பாக்கித் தொகையில் முக்கால் பங்கு அறுபது எழுபது பார்ட்டியிடம்தான் இருக்கும், அவற்றைப் பாருங்கள். சிறிய, பல வருடமாக அசையாத பாக்கிகளை முதலாளியிடம் காட்டி, வராதவற்றை மார்ச்சிலேயே தள்ளுபடி செய்து கையெழுத்து வாங்குங்கள். பெயர்க் குழப்பத்துக்கு ஜிஎஸ்டி எண்ணையே அடையாளமாக வையுங்கள். பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33, அடுத்த பத்து பான் எண். பான் ஒன்றாக இருந்தால் முதலாளி ஒருவரே, வேறாக இருந்தால் பெயர் எவ்வளவு ஒத்திருந்தாலும் ஆள் வேறு.

அடுத்து பேங்க். புத்தகத்தில் நிற்கும் தொகையை மட்டும் ஏற்றிவிட்டுப் போகாதீர்கள். உதாரணத்துக்கு, மார்ச் 31 அன்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 7,25,000 இருக்கிறது. நாம் கொடுத்து இன்னும் போடப்படாத செக்குகள் 1,35,000. நாம் போட்டு இன்னும் வரவாகாதது 50,000. ஆகப் புத்தகத்தில் 6,40,000. இந்த இரண்டு பட்டியலும் செக் வாரியாகப் புது மென்பொருளுக்குள் போக வேண்டும். போகாவிட்டால் ஏப்ரல் 4-ம் தேதி அந்தப் பழைய செக் ஸ்டேட்மென்ட்டில் கழியும்போது, உள்ளே பதிவே இல்லையே என்று யாராவது புதிதாக ஒரு பேமெண்ட் போட்டுவிடுவார்கள். ஒரே பணம் இரண்டு முறை போனதாகிவிடும்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பெரிய பெரிய இடங்களே இங்கேதான் சறுக்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகராட்சி 2022 ஏப்ரலில் எஸ்ஏபி என்ற மென்பொருளிலிருந்து ஆரக்கிள் என்ற மென்பொருளுக்கு மாறியது. தங்கள் பழைய பழக்கத்துக்கு ஏற்றபடி புது மென்பொருளை வளைத்து மாற்றியதில், பேங்க் பதிவுகளைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சேர்க்கும் பகுதி சரியாக வேலை செய்யவில்லை. வந்த பணம் எந்தக் கணக்குக்கு என்று ஆட்களை வைத்துக் கையால் தேட வேண்டிவந்தது. 2023 செப்டம்பரில் அத்தியாவசியம் தவிர வேறு செலவு செய்ய முடியாது என்று அந்த நகராட்சி அறிவித்தது. சம ஊதிய நிலுவைதான் அதற்கு முதன்மைக் காரணம், ஆனால் இந்த மென்பொருள் சிக்கலும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அவர்களிடம் பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லை. ஆகவே "எங்கள் பழைய ஸ்கிரீன் மாதிரியே செய்து கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். மென்பொருளோடு வரும் வழக்கத்துக்கு உங்கள் வழக்கத்தை எவ்வளவு கொண்டுபோக முடியுமோ கொண்டு போங்கள். வியாபாரமே நின்றுபோகும் என்ற இடத்தில் மட்டும் மாற்றம் கேளுங்கள்.

ஜிஎஸ்டியில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வரி லெட்ஜர்களை நிகரத் தொகையாக ஏற்றக் கூடாது. மார்ச் மாதத்து 3பி, அதாவது வரி கட்டும் மாத ரிட்டர்ன், ஏப்ரல் 20-க்குள்தான் போகும். ஆகவே மார்ச் 31 அன்று விற்பனையில் வசூலித்த வரியும் வாங்கியதில் கட்டிய வரியும் தனித்தனியாக நிற்கும், ஒன்றுக்கொன்று கழிவது ஏப்ரலில். ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி மூன்றையும் பிரித்து ஏற்றுங்கள். போர்ட்டலில் உள்ள கிரெடிட் லெட்ஜரோடு ஒப்பிடும்போது இந்த மார்ச் கழிவை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது, நம் புத்தகத்தில் ஏறி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் போர்ட்டல் பட்டியலான 2பி-யில் இன்னும் வராத கொள்முதல் பில்கள். சப்ளையர் தாமதமாகக் காட்டியிருப்பார். இவற்றைத் தனிப் பட்டியலாக வையுங்கள். 2025-26 பில்களுக்கு உள்ளீட்டு வரி (வாங்கியதில் கட்டிய வரிக்கான கழிவு) எடுக்க 2026 நவம்பர் 30 வரை நேரம் உண்டு, அதற்குள் ஆண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் அதுவே கெடு. மென்பொருள் மாறிய வருடத்தில் இந்தப் பில்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எல்லாரும் நினைப்பார்கள், பணம் போய்விடும்.

மூன்றாவது உங்கள் தொழிலுக்கே உரியது. 2025 செப்டம்பர் 22-ல் வரி விகிதம் மாறி, மோட்டார் உதிரிபாகம் 28-லிருந்து 18 ஆனது. அதற்கு முன் விற்ற சரக்கு இப்போது ரிட்டர்ன் வந்தால் கிரெடிட் நோட் பழைய 28 சதவீதத்தில்தான் போட வேண்டும், ஏனென்றால் அது அந்தப் பில்லின் வரி. உங்கள் தொழிலில் ஆறு மாதம் கழித்தும் ரிட்டர்ன் வரும். புது மென்பொருளில் பொருளுக்கு 18 என்று மட்டும் போட்டு வைத்தால் அது 18-ல்தான் கிரெடிட் நோட் அடிக்கும். விகிதத்தைத் தேதியோடு சேர்த்து வைக்க முடியுமா, அல்லது கிரெடிட் நோட்டில் கையால் மாற்ற முடியுமா என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரியிலும் 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன. பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்-க்கு லெட்ஜர்களை உருவாக்கும்போது அந்த அப்டேட் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

சரக்குப் பட்டியலை எக்செல் வழியாகத்தான் கொண்டு போவீர்கள். பழைய புரோகிராமின் டேட்டா கோப்பான டிபிஎஃப் எக்செலில் திறக்கும், அது ஒரு பெரிய வசதி. ஆனால் உதிரிபாகத்தில் உயிர் பார்ட் நம்பர்தான், எக்செல் அதைத்தான் முதலில் கெடுக்கும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். நீளமான எண்ணில் பதினைந்து இலக்கத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும். 3-12 என்று ஒரு நம்பர் இருந்தால் அது டிசம்பர் 3 அல்லது மார்ச் 12 ஆகிவிடும், திருப்பி எடுக்கவே முடியாது. கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை (காலம்) "டெக்ஸ்ட்" என்று குறித்துவிட்டு உள்ளே கொண்டு வாருங்கள். ஒரு முறை குடோன் பையன் ஒருவன்தான் இதைக் கண்டுபிடித்தான். அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டில் 00457, பட்டியலில் 457. அதே கடையில் வேறு கம்பெனியின் 457 என்ற பொருளும் இருந்தது.

கடந்த இரண்டு வருடத்தில் விற்காத, கையிருப்பும் இல்லாத பொருள்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரே பொருள் மூன்று பெயரில் இருப்பவற்றை ஒன்றாக்குங்கள். இதற்கு அலுவலகத்தில் இருப்பவர்கள் போதாது, கவுன்டரில் நிற்பவரும் குடோனில் இருப்பவரும் உட்கார வேண்டும். ஐந்து கோடிக்கு மேல் விற்பனை என்பதால் உங்களுக்கு ஹெச்எஸ்என் என்ற சரக்கு வகைக் குறியீடு ஆறு இலக்கத்தில் கட்டாயம், அதையும் அதே அமர்வில் முடித்துவிடலாம். மார்ச் 31 இரவு சரக்கை எண்ணித்தான் ஆக வேண்டும், புத்தகச் சரக்கை நம்பி ஏற்ற வேண்டாம்.

உங்கள் புரோகிராமில் பார்ட்டி பெயர்களோ முகவரிகளோ தமிழில் இருந்தால் ஒரு வார்த்தை. 2004 காலத்துத் தமிழ் பெரும்பாலும் பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துரு முறைகளில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். டேட்டா அழிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று மட்டும் முதலில் கண்டுபிடியுங்கள். நம் ஊர்ப் பெயர்கள் லாரி ரசீதில் தமிழிலேயே அச்சாக வேண்டும் என்பது என் ஆசை. டிரைவர் படிக்கப் போகும் தாள் அது.

இப்போது இரண்டாவது கேள்வி. மூன்று மாதம் இரண்டையும் ஓட்டலாமா? வேண்டாம். ஆறு பேர் உள்ள அலுவலகத்தில் அது நடக்காது. முதல் வாரம் இரண்டிலும் பதிவார்கள். இரண்டாம் வாரம் ஒன்றில் இரண்டு நாள் பாக்கி விழும். மூன்றாம் வாரம் எது சரி என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் பழையதுதான் ஜெயிக்கும், கை பழகியது அதில்தானே. இ-இன்வாய்ஸ் இருப்பதால் ஒரே பில்லை இரண்டு இடத்தில் உருவாக்குவதே ஆபத்து.

அதற்குப் பதிலாக ஒத்திகை. முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஜனவரி நல்லது. டிசம்பர் 31 பாக்கிகளை ஏற்றி, ஜனவரியின் ஒவ்வொரு பில்லையும் ரசீதையும் ரிட்டர்னையும் பிப்ரவரியில் புது மென்பொருளில் போடுங்கள். கவுன்டரில் பில் போடப் போகிறவர்களே போட வேண்டும், விற்பவர் அனுப்பும் பையன் போடக் கூடாது. முடிந்ததும் ஒப்பிட உங்களிடம் ஏற்கெனவே சரிபார்த்த விடை இருக்கிறது. தாக்கல் செய்த ஜனவரி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 3பி, ஜனவரி 31 டிரயல் பேலன்ஸ், பார்ட்டி பாக்கி, பேங்க். இவை ஐந்தும் ஒத்துப்போனால் மென்பொருள் தயார், ஆட்களும் தயார். ஒத்துப்போகாத இடம் ஒவ்வொன்றும் ஏப்ரலில் வரவிருந்த ஒரு தலைவலி, பிப்ரவரியிலேயே கையில் சிக்கியது. மதுரையில் எங்களுக்கு முதல் ஒப்பீட்டில் பத்தொன்பது வித்தியாசம் வந்தது. அதில் நான்கு பழைய கணக்கின் தப்பு.

ஒத்திகையின்போது இ-இன்வாய்ஸ் இணைப்பு சோதனைத் தளத்தில்தான் இருக்க வேண்டும், உண்மைப் போர்ட்டலில் இருக்கக் கூடாது. இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உண்மையாகப் பதிவான ஐஆர்என்-ஐ, அதாவது இ-இன்வாய்ஸுக்குப் போர்ட்டல் தரும் பதிவு எண்ணை, 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், ரத்து செய்தாலும் அதே பில் எண்ணை அந்த நிதியாண்டில் மறுபடி பதிய முடியாது.

ஏப்ரல் 1 சரியான நாள்தான். லாப நஷ்டக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும், பில் வரிசையும் புதிதாகத் தொடங்கும். பில் எண் பதினாறு எழுத்துக்குள் இருக்க வேண்டும், எழுத்து, எண், கோடு, சாய்கோடு மட்டும். பிப்ரவரிக் கடைசியில் ஒத்திகை ஒத்துப்போகவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள். ஜூலை 1-க்கு மாறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பில் வரிசையைச் சட்டம் அனுமதிக்கிறது, புது மென்பொருளுக்கு வேறு முன்னெழுத்து வைத்துக்கொள்ளலாம். மூன்று மாத விற்பனை, செலவு, டிடிஎஸ் தொகைகளைச் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். முதலாளி நல்ல நாள் பார்த்துவிட்டார் என்பதற்காக ஒத்துப்போகாத கணக்கோடு இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வருட ஆடிட் ஒரு தண்டனை.

வாங்கும்போது இரண்டு விஷயம் மட்டும். அட்மின் லாகின் முதலாளியின் போனுக்கும் மெயிலுக்கும் இருக்க வேண்டும், போட்டுக் கொடுத்தவரின் பெயரில் இருக்கக் கூடாது. சந்தாவை நிறுத்தினால் என் டேட்டாவை எந்த வடிவில், எத்தனை நாளுக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே கேளுங்கள். இன்று ஃபாக்ஸ்ப்ரோவிலிருந்து வெளியே வர டிபிஎஃப் கோப்பு இருக்கிறது. நாளை இதிலிருந்து வெளியே வர என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி லாகின், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதத்துக்குப் பூட்டு. என்றாவது பிரைவேட் லிமிடெட் ஆக மாறும் எண்ணம் இருந்தால், கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற பதிவை அணைக்கவே முடியாதபடி வைத்திருக்கும் மென்பொருள் கட்டாயம். அந்த வசதி உள்ளதையே இப்போதே வாங்கிவிடுங்கள்.

கடைசியாகப் பழைய கம்ப்யூட்டர். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025-26-க்கு அந்தத் தேதி 2026 டிசம்பர் 31, ஆகவே 2032 டிசம்பர் 31 வரை. அந்த மெஷின் அதுவரை நிற்கும் என்று நம்பாதீர்கள். ஏப்ரலில் லெட்ஜர், டே புக், விற்பனை, கொள்முதல், சரக்குப் பதிவேடு எல்லாவற்றையும் வருட வாரியாக பிடிஎஃப் ஆக எடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். டிபிஎஃப் கோப்புகளையும் அப்படியே சேர்த்து வையுங்கள். புரோகிராமில் புதுப் பதிவு போடும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, மெஷினை அண்ணன் மேசையருகிலேயே விடுங்கள். முதல் சில மாதம் அவர் தினமும் அதைத் திறந்து பார்ப்பார். பார்க்கட்டும். மே 11-க்கு முதல் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்கு முதல் 3பி இரண்டும் புது மென்பொருளிலிருந்து போன பிறகு, எத்தனை முறை திறக்கிறார் என்று கவனியுங்கள்.